மூடுபனியில் ஹேங் ஆன மழைமானிகள்: ஒரு ரீசெட் கோளாறு பற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

கம்பத்தில் ஒரு சிறிய எலக்ட்ரானிக்ஸ் பட்டறை வைத்திருக்கிறேன். மோட்டார் ஸ்டார்ட்டர், மொபைலில் மோட்டார் போடும் பெட்டி, திராட்சைத் தோட்டத்து டைமர் என்று வருவதைப் பழுது பார்ப்பேன். ஆர்டர் வந்தால் போர்டு வரைந்து செய்தும் கொடுப்பேன். எங்கள் பக்கத்தில் பலருக்குப் பிழைப்பு மலைக்கு மேலேதான். விடியும் முன்பே ஆட்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் கம்பம்மெட்டு வழியாக வண்டன்மேடு, நெடுங்கண்டம் பக்கம் ஏலத்தோட்டங்களுக்குப் போகும். இடம் இடுக்கி மாவட்டம், கேரளம். தோட்டத்துக்குள் பேச்சு பெரும்பாலும் தமிழ்.

2020 கடைசியில் ஒரு தோட்டக்காரர் பட்டறைக்கு வந்தார். ஏலத்துக்கு மழைக்காலத்தில் அழுகல் நோய் வரும். பைட்டோப்தோரா என்ற நுண்ணுயிரின் வேலை. அதற்குப் போர்டோ கலவை அடிக்க மழை விடும் இடைவெளி பார்க்க வேண்டும். அவர் தோட்டம் மூன்று சரிவுகளில் கிடக்கிறது. ஒரு சரிவில் கொட்டும்போது அடுத்ததில் தூறிக்கொண்டிருக்கும். “எந்தத் துண்டில் எவ்வளவு மழைன்னு கீழ இருந்தே எனக்குத் தெரியணும் தம்பி, அவ்வளவுதான்” என்றார்.

ஆறு பெட்டிகள் செய்தேன். மழைநீர் நிரம்பினால் கவிழும் சின்ன வாளி, அது கவிழும்போதெல்லாம் ஒரு துடிப்புக் கொடுக்கும் காந்த சுவிட்ச், எண்ணிக்கை வைக்க ஏடிமெகா328பி மைக்ரோகண்ட்ரோலர், நாளுக்கு ஒரு எஸ்எம்எஸ் அனுப்ப ஒரு 2ஜி மாட்யூல். மின்சாரத்துக்கு ஒரு 18650 லித்தியம் செல், உள்ளங்கை அகல சோலார் பேனல், பாதுகாப்புச் சுற்று உள்ள சார்ஜர் போர்டு. செல்லிலிருந்து 3.3 வோல்ட் ரெகுலேட்டர் வழியாகக் கண்ட்ரோலருக்கும், நேராக மாட்யூலுக்கும் இணைப்பு. கண்ட்ரோலர் ஓடியது 8 மெகாஹெர்ட்ஸில்.

பின்னால் வந்த தொல்லைக்கு வேர், அப்போது நான் எடுத்த இரண்டு முடிவுகள். ஒன்று, கண்ட்ரோலரின் ரீசெட் காலில் (தாழ்த்திப் பிடித்தால் கண்ட்ரோலர் நிற்கும், விட்டால் முதலிலிருந்து ஓடத் தொடங்கும்) வழக்கமான 10 கிலோ ஓம் ரெசிஸ்டரும் 100 நானோஃபாரட் கெப்பாசிட்டரும் மட்டும் போட்டது. எல்லாரும் அதைத்தான் போடுகிறார்கள், நானும் போட்டேன். இரண்டாவது, வோல்டேஜ் குறைந்தால் ரீசெட் போட கண்ட்ரோலருக்குள்ளேயே இருக்கும் பிரவுன்-அவுட் காவலை, ஃபியூஸ் அமைப்பில் (சிப்புக்குள் எழுதிவைக்கும் அடிப்படைத் தேர்வுகள்) அணைத்து வைத்தது. அது 20 மைக்ரோ ஆம்பியர் அளவுக்குத் தின்னும். அதை அணைத்ததும் தூக்கத்தில் போர்டு எடுக்கும் மின்னோட்டம் பத்து மைக்ரோ ஆம்பியருக்குக் கீழே இறங்கியதை மல்டிமீட்டரில் பார்த்தபோது எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பட்டறை மொட்டைமாடியில் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை ஆறையும் ஓட விட்டேன். ஒரு குறையும் இல்லை. கம்பம் பள்ளத்தாக்கு தென்மேற்குப் பருவமழையின் மறைவில் இருக்கிற இடம், வெயிலுக்குப் பஞ்சமில்லை. சோதித்த இடமே தவறு என்பது அப்போது உறைக்கவில்லை.

முதல் மழைக்காலத்தில் கண்டது

2021 மே மாதம் பெட்டிகளை மேலே பொருத்தினோம். ஜூன் நன்றாகப் போனது. ஜூலை நடுவில், தோட்டத்து ஆட்களை மேற்பார்க்கும் கங்காணியிடமிருந்து போன். “கீழ்த்துண்டுப் பெட்டி செத்துப்போச்சு தம்பி. விளக்கே மின்னல.” பக்கவாட்டு ரீசெட் பொத்தானை அமுக்கச் சொன்னேன். உயிர் வந்துவிட்டது. பத்து நாளில் இன்னும் இரண்டு பெட்டிகளுக்கு இதே கதை. பொத்தானை அமுக்கினால் சரி, இரண்டு மூன்று நாளில் மறுபடி மௌனம்.

அடுத்த ஒரு மாதத்தை நான் வீணாக்கினேன். ப்ரோக்ராமில்தான் பிழை என்று நினைத்து, மாட்யூலோடு பேசும் பகுதியைத் திரும்பத் திரும்ப எழுதினேன். எல்லைப் பகுதி என்பதால் சிம் தமிழ்நாட்டு டவருக்கும் கேரள டவருக்கும் மாறி மாறித் தாவுகிறது, அதில்தான் சிக்கிக்கொள்கிறது என்று ஒரு கொள்கையும் வைத்திருந்தேன். அப்புறம் வாட்ச்டாக் டைமரை ரீசெட் செய்யும் நிலைக்கு மாற்றினேன். ப்ரோக்ராம் எங்கே நின்றாலும் சில வினாடிகளில் அது எழுப்பிவிட வேண்டும். எழுப்பவில்லை. இங்கேயே நான் நிமிர்ந்து உட்கார்ந்திருக்க வேண்டும். வாட்ச்டாக்கும் காப்பாற்றாத ஹேங் என்றால் ப்ரோக்ராமுக்கு அடியில் எதுவோ சரியில்லை என்று பொருள்.

உட்கார வைத்தது மூன்றாவது பெட்டி. அது பொத்தானுக்கும் எழவில்லை. கீழே கொண்டுவரச் சொல்லி, மின்சாரம் போனாலும் அழியாத நினைவகமான ஈப்ராமில் இருந்ததைப் படித்துப் பார்த்தேன். தோட்டக்காரரின் போன் எண்ணில் பாதி இல்லை. வாளி ஒருமுறை கவிழ்ந்தால் எத்தனை மில்லிமீட்டர் என்ற அளவு இருந்த இடத்தில் வெறும் 255, அதாவது அழிந்த நிலை. முதல் நாள் அமைப்புக்குப் பிறகு அந்த இடங்களில் எழுத என் ப்ரோக்ராமில் எந்த வழியும் இல்லை. அப்படியானால் கண்ட்ரோலர் நான் எழுதாத வரிசையில் கட்டளைகளை ஓட்டியிருக்கிறது.

தயாரிப்பாளர் தரும் சிப்பின் விவரக்குறிப்பில், அதாவது டேட்டாஷீட்டில், இதற்கென்றே ஒரு பத்தி இருக்கிறது. சப்ளை வோல்டேஜ் குறைவாக இருக்கும்போது ஈப்ராம் கெடலாம். கண்ட்ரோலரே கட்டளைகளைத் தவறாக ஓட்டலாம். அதனால் வோல்டேஜ் போதாத நேரமெல்லாம் ரீசெட் காலைத் தாழ்த்தியே வையுங்கள், உள் பிரவுன்-அவுட் காவலாலோ வெளிச்சுற்றாலோ. பல வருஷமாக அந்தப் பத்தியைத் தாண்டித்தான் போய்க்கொண்டிருந்திருக்கிறேன்.

மேலே ஒரு விடியல்

ஆகஸ்டில் ஒரு நாள் மேலே போய்த் தங்கினேன். மழை நின்றபாடில்லை, ஏழெட்டு நாளாக வெயிலே இல்லை. கீழ்த்துண்டுப் பெட்டியில் செல் வடிந்து, பாதுகாப்புச் சுற்று வெட்டிவிட்டிருந்தது. அது வெட்டுவது சுமார் 2.5 வோல்ட்டில். கண்ட்ரோலரின் சப்ளைக் காலில் மல்டிமீட்டரைக் கட்டிவிட்டு, குடையைப் பிடித்துக்கொண்டு விடியக் காத்திருந்தேன்.

இருட்டில் மீட்டர் பூஜ்ஜியம் காட்டும் என்று எதிர்பார்த்தேன். காட்டியது 0.8. மாட்யூலுக்காகப் போட்டிருந்த பெரிய கெப்பாசிட்டரில் மிச்சமிருந்த சார்ஜ். ஆறு மணிக்கு மேல் மூடுபனிக்குள் வெளுப்பு வந்தது, மீட்டரும் ஏறத் தொடங்கியது. ஒன்று. ஒன்றேகால். 1.6. அப்புறம் ஒரு மேகம் வந்து 1.3க்கு இழுத்தது. மறுபடி 1.7, 1.9, 2.1, திரும்பவும் 1.5. இப்படியே முக்கால் மணி நேரம். விளக்கு ஒருமுறை அரைகுறையாக மின்னி, பிறகு மங்கலாக எரிந்தபடியே நின்றுவிட்டது. எட்டு மணிக்குச் சப்ளை 3.3க்கு வந்தும் பெட்டி அசையவில்லை.

கங்காணி பக்கத்தில் நின்று இதைப் பார்த்துக்கொண்டிருந்தார். வேலையாட்கள் ஜீப்பிலிருந்து இறங்கி கொட்டகையில் நின்றிருந்தார்கள். “ஏன் இன்னும் உள்ள விடலண்ணே?” என்று பேச்சுக்குக் கேட்டேன். “வெளிச்சம் சரியா வரட்டும். அரை இருட்டுல விட்டா காய் எது பிஞ்சு எதுன்னு தெரியாம பறிச்சுப் போடுவாங்க, பாம்பு கிடந்தாலும் தெரியாது. முழு இருட்டுன்னா யாரும் உள்ள போகப் போறதில்ல, அது பிரச்சினை இல்ல.”

மீட்டரில் நான் பார்த்துக்கொண்டிருந்ததும் அதுதான்.

நடந்தது என்ன

ஏடிமெகா328பிக்கு உள்ளேயே ஒரு பவர்-ஆன் ரீசெட் உண்டு. அது கண்ட்ரோலரை விடுவிப்பது சுமார் 1.4 வோல்ட்டில். ஆனால் 8 மெகாஹெர்ட்ஸில் சரியாக ஓட இந்தச் சிப்புக்கு ஏறக்குறைய 2.4 வோல்ட் வேண்டும். இடையில் ஒரு வோல்ட் அகலத்துக்கு ஒரு அரை இருட்டு. அங்கே கண்ட்ரோலர் ஓடும். ஆனால் நினைவகத்திலிருந்து எதைப் படிக்கும், எங்கே தாவும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. ஈப்ராமில் எழுதும் கட்டளைக்குள்ளேயே போய் விழலாம். வாட்ச்டாக் அமைப்பை மாற்றிவிடலாம். மாற்றாவிட்டாலும், வாட்ச்டாக் எழுப்பும்போது அதே அரை இருட்டில்தான் எழுப்பும்.

மேஜை மேல் சப்ளையைப் போட்டால் இந்த இடைவெளி கண்ணிமைக்கும் நேரத்தில் கடந்துபோகும். அதனால் யாருக்கும் தெரிவதில்லை. சப்ளை ஏறும் வேகத்துக்கு டேட்டாஷீட் ஒரு கீழ்வரம்பும் தருகிறது: மில்லிவினாடிக்கு 0.01 வோல்ட். கணக்குப் போட்டால் 3.3 வோல்ட்டை மூன்றில் ஒரு பங்கு வினாடிக்குள் எட்டியாக வேண்டும். என் பெட்டி முக்கால் மணி நேரமாகியும் 2.1ஐத் தாண்டவில்லை. போதாததற்கு, வோல்டேஜ் நன்றாக இறங்கினால்தான் அந்த உள் ரீசெட் அடுத்த முறைக்குத் தயாராகும். 0.8ல் தொங்கிக்கொண்டிருப்பது போதுமா என்றால், ஒரு சிப்புக்குப் போதும், இன்னொன்றுக்குப் போதாது.

ரெசிஸ்டரும் கெப்பாசிட்டரும் என்ன செய்தன? ஒன்றும் செய்யவில்லை. 10 கிலோ ஓமும் 100 நானோஃபாரடும் சேர்ந்தால் ஒரு மில்லிவினாடித் தாமதம். சப்ளை நிமிடக் கணக்கில் ஏறும்போது கெப்பாசிட்டரும் கூடவே ஏறிவிடும். ரீசெட் கால் எப்போதுமே மேலேதான் இருக்கும். கெப்பாசிட்டரைப் பெரிதாக்கினாலும் தாமதம் கூடுமே தவிர, வோல்டேஜ் போதுமா என்று அது பார்க்கப் போவதில்லை.

இதில் ஒரு சுழலும் இருந்தது. கண்ட்ரோலர் குழம்பி நிற்கும்போது மாட்யூலின் மின்சாரத்தைத் திறக்கும் கால் மேலேயே நின்றுவிட்டால், மாட்யூல் நாள் முழுக்க விழித்திருக்கும். அந்தப் பலவீனமான பேனல் கொடுப்பதை எல்லாம் அதுவே தின்றுவிடும். செல் தேறாது, மறுநாளும் அதே விடியல். ஒருமுறை விழுந்த பெட்டியே திரும்பத் திரும்ப விழுந்ததற்குக் காரணம் இது.

கீழே வந்து பெஞ்சில் இதை வரவழைத்துப் பார்த்தேன். ரெகுலேட்டட் சப்ளையின் குமிழை ஒரு நிமிடம் எடுத்து மெதுவாகத் திருகி, நடுவில் கொஞ்சம் முன்னும் பின்னும் ஆட்டினால் நாலைந்து முறைக்கு ஒரு முறை ஹேங் ஆனது. கோளாறைக் கூப்பிட்டால் வரும் என்ற நிலைக்கு வந்துவிட்டாலே பாதி வேலை முடிந்தது.

எடுத்த முடிவும் காரணமும்

முதல் வழி, அணைத்த பிரவுன்-அவுட் காவலைத் திரும்பப் போடுவது. இங்கே ஒரு கணக்கை வெட்கத்தோடு எழுதுகிறேன். 20 மைக்ரோ ஆம்பியர் என்பது மாதத்துக்கு 15 மில்லி ஆம்பியர்-மணி கூட ஆகாது. 2000க்கு மேல் கொள்ளும் செல்லில் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. ஒரு எஸ்எம்எஸ்ஸுக்கு மாட்யூல் ஒரு நிமிடம் விழித்திருந்தால் ஏறக்குறைய ஒன்றேமுக்கால் மில்லி ஆம்பியர்-மணி போய்விடும். மாதத்துக்கு எட்டு நாள் எஸ்எம்எஸ் செலவை மிச்சம் பிடிக்கப் போய் மூன்று பெட்டிகளைக் கெடுத்திருக்கிறேன்.

அப்படியானால் அதைப் போட்டுவிட்டு விட்டிருக்கலாமே என்று கேட்கலாம். இந்தப் பெட்டிக்கு அது பெருமளவு போதும். ஆனாலும் தனியாக ஒரு வோல்டேஜ் சூப்பர்வைசர் சிப் போடுவது என்று முடிவெடுத்தேன். உள் காவலின் 2.7 வோல்ட் என்ற அளவு சிப்புக்குச் சிப்பு 2.5 முதல் 2.9 வரை இருக்கலாம். சூப்பர்வைசரின் எல்லை அதைவிட இறுக்கமானது. அதைவிட முக்கியம், உள் காவல் ஃபியூஸ் அமைப்பை நம்பி இருக்கிறது. பட்டறையில் பையன் ஒரு கண்ட்ரோலரை மாற்றிப் போட்டு, ஃபியூஸ் எழுத மறந்தால் காவல் இல்லை. இல்லை என்பது அடுத்த ஆடி மாதம்தான் தெரியும். தனிச் சிப்புக்கு அந்த மறதி கிடையாது.

இன்னொரு காரணமும் உண்டு. காசு வடிவ செல்லில் ஓடும் ஒரு இலை ஈரமானி அப்போது வரைபடத்தில் இருந்தது. சிஆர்2032 செல்லில் இருப்பது சுமார் 220 மில்லி ஆம்பியர்-மணி. 20 மைக்ரோ ஆம்பியர் மட்டுமே அதைப் பதினைந்து மாதத்தில் காலி செய்துவிடும். அங்கே கஞ்சத்தனம் நியாயம்.

சூப்பர்வைசர் என்பது மூன்று கால் சிப். சப்ளை, தரை, ரீசெட். சப்ளை குறித்த எல்லைக்குக் கீழே இருக்கும்வரை கண்ட்ரோலரின் ரீசெட் காலைத் தரையோடு பிடித்துக்கொள்ளும். எல்லையைத் தாண்டியதும் உடனே விடாது. தாண்டி, 200 மில்லிவினாடி அங்கேயே நிலைத்தால்தான் விடும். கையில் இருந்தது பழைய 809 வகை. அது தானே பத்து, இருபது மைக்ரோ ஆம்பியர் எடுக்கும். பெஞ்சில் சோதிக்க அது போதுமாக இருந்தது. பெட்டிகளுக்கு வாங்கியது டிபிஎஸ்3839 வரிசையில் 2.93 வோல்ட் எல்லை உள்ளது. அது எடுப்பது 150 நானோ ஆம்பியர் அளவு. ஒரு வோல்ட் அளவிலேயே ரீசெட் காலைச் சரியாகத் தாழ்த்தி வைக்கும். கண்ட்ரோலர் முழிப்பதற்கு முன்பே காவல் வந்துவிடுகிறது.

2.63 எல்லையும் கிடைக்கும். 2.93ஐ எடுத்தது ஈப்ராமுக்காக. எழுதிக்கொண்டிருக்கும்போது ரீசெட் வந்தாலும் வோல்டேஜ் போதுமானதாக இருந்தால் அந்த எழுத்து முழுதாக முடியும். ஒரு எழுத்துக்குச் சில மில்லிவினாடி ஆகும், அதற்குள் 2.93லிருந்து ஆபத்தான அளவுக்கு இறங்காது.

பட்டறைப் பையன் அதற்கு அன்றைக்கே “கங்காணி” என்று பெயர் வைத்துவிட்டான். சூப்பர்வைசரைத் தமிழில் வேறு என்ன சொல்வது?

பொருத்தும்போது வந்த சங்கடம்

முதல் போர்டில் கங்காணியைச் சோல்டர் செய்ததும், ப்ரோக்ராமை ஏற்றும் கருவியான ப்ரோக்ராமர் கண்ட்ரோலரோடு பேச மறுத்தது. அரை நாள் போனது. இந்தச் சிப்பின் வெளியீடு வெறுமனே கீழே இழுப்பதோடு நிற்காது. வோல்டேஜ் சரியாக இருக்கும்போது மேலேயும் தள்ளிப் பிடிக்கும். ப்ரோக்ராமரோ அதே காலைக் கீழே இழுக்கப் பார்க்கிறது. பொத்தானை அமுக்கினாலும் இதே மல்லுக்கட்டு. நடுவில் ஒரு 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் வைத்ததும் இருவரும் சமாதானம் ஆனார்கள். கீழே மட்டும் இழுக்கும் ஓபன்-டிரெய்ன் வகை வாங்கியிருந்தால் இந்தப் பேச்சே இல்லை. ரீசெட் காலுக்கு 12 வோல்ட் கொடுத்து ஃபியூஸ் மீட்பவர்கள் அப்போது கங்காணியைக் கழற்றிவிட வேண்டும். இல்லாவிட்டால் அது போய்விடும்.

கூடவே மாட்யூலின் மின்சாரத்தைத் திறக்கும் மாஸ்ஃபெட் சுவிட்சின் கேட்டில், அதாவது அதை இயக்கும் காலில், 100 கிலோ ஓம் ஒன்றைத் தரைக்குப் போட்டேன். ரீசெட்டில் இருக்கும்போது கண்ட்ரோலரின் கால்கள் எதையும் பிடித்திருக்காது, அந்தரத்தில் நிற்கும். அந்தரத்தில் நிற்கும் கேட் தானாகத் திறந்துகொள்ளலாம். உள் பிரவுன்-அவுட்டையும் திரும்பப் போட்டேன்; தூங்கும்போது ப்ரோக்ராமே அதை அணைத்து வைக்கும் வசதி இந்தச் சிப்பில் இருப்பது முன்பே தெரிந்திருந்தால் கஞ்சத்தனத்துக்கே வேலை இருந்திருக்காது.

பின்னர் நடந்தது

செப்டம்பரில் ஆறையும் மாற்றி மேலே வைத்தோம். ஹேங் நின்றது. ஆனால் ஒரு வாரத்தில் கங்காணி, அதாவது மனிதக் கங்காணி, போன் செய்தார். “உயிரோடதான் இருக்கு, ஆனா காலையில விளக்கு விட்டு விட்டு மின்னிக்கிட்டே இருக்கு தம்பி.”

ரீசெட்டுகளை எண்ணி ஈப்ராமில் குறிக்கும் ஒரு வரியைச் சேர்த்திருந்தேன். ஒரே காலையில் நூற்றுக்கு மேல். விடியலில் சப்ளை 2.93ஐத் தாண்டுகிறது, 200 மில்லிவினாடி கழித்துக் கண்ட்ரோலர் எழுகிறது, எழுந்ததும் முதல் வேலையாக மாட்யூலைத் திறக்கிறது. அதன் இழுப்பு நொடிக்குள் 2 ஆம்பியர் வரை துள்ளும். வடிந்த செல் அதைத் தாங்காமல் சரிய, கங்காணி சிப் ரீசெட் போடுகிறது. சுமை போனதும் வோல்டேஜ் ஏறுகிறது. மறுபடி முதலிலிருந்து. சிப் தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது. பட்டினி கிடந்தவனை எழுந்ததும் மூட்டை தூக்கச் சொன்னது என் ப்ரோக்ராம்.

திருத்தம் மூன்று வரி. எழுந்ததும் செல்லின் வோல்டேஜை அளக்க வேண்டும், 3.6க்குக் கீழே இருந்தால் மாட்யூலைத் தொடாமல், வாளியை மட்டும் எண்ணிக்கொண்டு தூங்க வேண்டும். ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பப் பார்க்க வேண்டும். எஸ்எம்எஸ் ஒரு நாள் தாமதமாக வரும், மழைக்கணக்கு தவறாது. “தாமதமானா பரவாயில்ல, பொய் சொல்லக் கூடாது” என்றார் தோட்டக்காரர். ரீசெட் எண்ணும் வரியையும் எடுத்துவிட்டேன். ஈப்ராமுக்கு ஒரு லட்சம் எழுத்துதான் ஆயுள் என்று டேட்டாஷீட் சொல்கிறது. நாளுக்கு நூறு என்றால் மூன்று வருஷத்துக்குள் அந்த இடம் தேய்ந்துவிடும்.

2022 மழைக்காலம் முழுக்க ஆறு பெட்டிகளில் ஐந்து பொத்தான் அமுக்காமல் ஓடின. ஆறாவது ஜூலையில் நின்றது. பதறிப்போய் மேலே ஏறினால், பெட்டிக்குள் எறும்புப் புற்று; காந்த சுவிட்ச் கம்பியைச் சுற்றி ஈர மண். ரீசெட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

மாற்றிச் செய்வதானால்

பொத்தானை அமுக்கச் சொல்லி ஒரு மாதம் ஓட்டினேனே, அதைச் செய்ய மாட்டேன். பொத்தான் அமுக்கினால் சரியாகிறது என்பதே ரீசெட் தானாக வரவில்லை என்பதற்குச் சாட்சி. அந்தச் சாட்சியை முதல் போனிலேயே கங்காணி சொல்லிவிட்டார். சோதனையில் சப்ளையை வெட்டிப் போடுவதோடு நிறுத்தாமல், குமிழை மெதுவாகத் திருகிப் பார்ப்பதை இப்போது எல்லாப் போர்டுக்கும் செய்கிறேன். அதற்குக் காசு ஆகாது, பொறுமைதான் ஆகும். ஈப்ராமில் அளவுகளை இரண்டு இடத்தில், சரிபார்ப்புக் கூட்டுத்தொகையோடு வைக்கிறேன். அடுத்த போர்டில் ஓபன்-டிரெய்ன் கங்காணி.

பேனலை எங்கே வைப்பது என்று தோட்டத்து ஆளைக் கேட்டிருக்கலாம். விழுந்த மூன்று பெட்டிகளும் கீழ்த்துண்டில் இருந்தவை. மழைக்கு முன்னால் நிழல் மரங்களின் கிளைகளைக் கழிப்பார்கள். அந்தத் துண்டில் அந்த வருஷம் ஆள் கிடைக்காமல் கழிக்கவில்லை. கங்காணிக்கு அது தெரியும், நான் கேட்கவில்லை. 2022 மே மாதம் கிளை கழித்து முடித்த அன்றே அவர் போன் செய்தார். மறுநாள் போய் மூன்று கம்பங்களையும் இரண்டடி உயர்த்தி, பேனல்களை வானம் திறந்த பக்கம் திருப்பி வைத்துவிட்டு வந்தோம்.